"குழந்தைகளைக் கல்லில் மோதியடிக்கிறவன் பாக்கியவான்" என்று முடியும் பைபிளின் 137ஆம் சங்கீதத்தைப் பழைய கிறிஸ்தவர்கள் எப்படிப் படித்தார்கள்?

நேர்ப்பொருளில் இது எருசலேமை இழந்து பாபிலோனுக்குச் சிறைபோன யூதர்களின் ஆத்திரம். ஆனால், பகைவரை நேசிக்கச் சொன்ன இயேசுவின் சீடர்கள் இதை எந்த வாயால் பாடுவது? 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் ஒரு வழி காட்டினார்: பாபிலோன் என்றால் குழப்பம், அதன் குழந்தைகள், மனத்தில் அப்போதுதான் முளைக்கும் தீய எண்ணங்கள். கல் எது? "அந்தக் கன்மலை கிறிஸ்துவே" என்று அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வரியை இதோடு இணைத்துக்கொண்டார்கள். பின்வந்த இறையியலாளர்கள் ஜெரோமும் அகஸ்டினும் இதே தடத்தில் போனார்கள். ஆசை பிஞ்சாக இருக்கும்போதே மோதிவிடு, வளர்ந்தால் உன்னை வெல்லும் என்பது அகஸ்டினின் வாதம். 6ஆம் நூற்றாண்டில், துறவு மடங்களுக்கு விதிநூல் எழுதிய பெனடிக்ட் இதைத் துறவிகளின் அன்றாட ஒழுங்காகவே ஆக்கினார்: தீய நினைவு வந்த கணமே கிறிஸ்துவின்மேல் மோதியடி.

சாமர்த்தியமான விளக்கம்தான். ஆயினும் அழுதவர்களின் கோபத்தை அது கொஞ்சம் மழுப்பிவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. அகஸ்டினின் இன்னொரு வாசிப்பு எனக்கு அதைவிடப் பிடிக்கும்: சங்கீதத்தின் தொடக்கத்தில், சிறைபோனவர்கள் உட்கார்ந்து அழுத பாபிலோன் ஆறுகள் என்பவை நாம் நேசித்தும் நில்லாமல் ஓடிவிடுகிற எல்லாம். அவற்றில் இறங்காமல் கரையில் உட்கார்ந்து அழு என்கிறார்.