ஃபோர்டா, ராமா, செவியா: ஹெவி டியூட்டி பிக்கப் வாங்குபவர்களுக்குக் கேள்வி பதில்

டெக்சஸில் பதினேழு வருடமாக ஒரு நிறுவனத்தின் பிக்கப், லாரிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. மூன்று கம்பெனி வண்டிகளுக்கும் அடியில் படுத்திருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். சீட் லெதர், ஸ்க்ரீன் அளவு பற்றி மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவி சில்வராடோ 2500, மூன்றில் எது பெஸ்ட் சார்?

எதை இழுக்கப் போகிறீர்கள்? அதன் எடை என்ன? இரண்டையும் சொல்லாமல் கேட்டால், சைஸ் சொல்லாமல் செருப்பு கேட்பது மாதிரி.

கேள்வி: பிக்கப் பெட்டிக்குள்ளே மாட்டும் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் ஒன்று, 14,000 பவுண்டு, பார்த்து வைத்திருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். டீலர் எஃப்-250 டீசலே தாராளமாகப் போதும் என்கிறார். "இழுவைத் திறன் இதைவிட எக்கச்சக்கம்" என்று புத்தகத்தையும் காட்டினார்.

டீலர் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டிய எண்ணைத்தான் சொல்லவில்லை.

டிரைவர் கதவைத் திறங்கள். கதவுச் சட்டத்தில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு எண் இருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் வரும் எண் ஏதோ ஒரு வண்டிக்கு. ஸ்டிக்கரில் இருப்பது நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டிக்கு. சன்ரூஃப், பெரிய சீட், ஃபோர்வீல் டிரைவ் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அது இறங்கும். டீசல் எஞ்சின் எடுத்தால் இன்னும் இறங்கும், ஏனென்றால் அது பெட்ரோல் எஞ்சினைவிடக் கனம்.

இப்போது கணக்கு. ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரின் எடையில் 15 முதல் 25 சதவீதம் வண்டியின் பின் ஆக்சில் மேல் உட்காரும். நடுவாக 20 என்று வைத்தால் 2,800 பவுண்டு. மாட்டும் கொக்கி, அதாவது ஹிட்ச் 150. நீங்கள் நால்வரும் 550. ஆக 3,500. எஃப்-250 டீசல், நான்கு கதவு க்ரூ கேப், ஃபோர்வீல் டிரைவ் எடுத்தால் பல வண்டிகளில் ஸ்டிக்கர் 2,100, 2,200 என்றுதான் காட்டும். பெட்டியில் ஒரு குளிர்பான டப்பா வைப்பதற்கு முன்பே ஆயிரத்து முந்நூறு பவுண்டு அதிகம்.

எஃப்-250க்கும் பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள எஃப்-350க்கும் பெரிய வித்தியாசம் பின் ஸ்பிரிங்கும் அந்த ஸ்டிக்கர் எண்ணும்தான். பல மாநிலங்களில் பதிவுக் கட்டணம் எடையை ஒட்டி மாறுவதால், 250ஐ 10,000 பவுண்டு மொத்த எடைக்குள் நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. விலை வித்தியாசமும் இந்த மொத்தத் தொகையில் சின்னது. 350 எடுங்கள். அப்படியே ராம் 3500, செவி 3500ஐயும் போய்ப் பாருங்கள். மூன்றிலும் எது 4,000க்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் காட்டுகிறதோ, உங்கள் பிராண்ட் அது.

கேள்வி: ஆபீஸ் 12 மைல். வருடத்தில் நான்கு தடவை படகு இழுப்பேன், 6,000 பவுண்டு. டீசல் சத்தம் ரொம்பப் பிடிக்கும்.

பெட்ரோல் எடுங்கள். டீசலுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் கூடுதல், அதற்கு மேல் புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியா கரைசல், விலை கூடின ஃபில்டர்கள். அதைவிட முக்கியம், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் நன்றாகச் சூடேறினால்தான் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும். தினமும் 12 மைல் போய் அணைத்தால் அந்த வேலை பாதியில் நிற்கும். ஃபோர்டு 7.3, செவி 6.6, ராம் 6.4, மூன்று பெட்ரோல் வி8ம் உங்கள் படகுக்குத் தாராளம். உண்மையில் உங்களுக்கு ஹெவி டியூட்டியே வேண்டாம், சின்ன எஃப்-150 ரகம் போதும். சத்தத்துக்கு வேறு வழி பாருங்கள்.

கேள்வி: மூன்றில் எது பெஸ்ட்?

முதல் பதில்.

கேள்வி: ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், ராமில் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் இருக்கும்போது மற்றதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? என் மாமனாரின் 1997 டாட்ஜ் ராம் இன்னும் ஓடுகிறது. நாலு லட்சம் மைல். லாரி எஞ்சின் சார் அது!

வந்துவிட்டார் பக்தர். சரி, இதை ஒழுங்காகப் பேசுவோம்.

கம்மின்ஸ் நல்ல எஞ்சின், மறுக்கவில்லை. வரிசையாக ஆறு சிலிண்டர், கேம்ஷாஃப்டுக்குப் பல்சக்கரம், ஒரே ஹெட். வி8ல் இரண்டு ஹெட். நடுரோட்டில் மூடியைத் திறந்து வேலை பார்க்க ஆறு சிலிண்டர்தான் சுகம். ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசல் வி8ல் எக்ஸாஸ்ட் இரண்டு பக்கமிருந்தும் நடுப்பள்ளத்துக்கு வந்து அங்கேயே டர்போவைச் சுற்றும். புத்திசாலித்தனமான அமைப்பு, ஆனால் அதில் கை விடுகிறவனுக்குத்தான் தெரியும் அருமை.

ஆனால் மாமனார் வண்டியை வைத்து இன்று எஞ்சின் வாங்காதீர்கள். 1989ல் டாட்ஜில் முதலில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 160 ஹார்ஸ்பவர், 400 பவுண்டு-அடி டார்க். 97லும் எரிபொருள் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். டிபிஎஃப் கிடையாது, யூரியா கிடையாது. 2025 மாடல் 6.7 லிட்டர், 430 ஹார்ஸ்பவர், 1,075 டார்க். பெயர் ஒன்று, எஞ்சின் வேறு. தாத்தா நூறு வயது இருந்தார் என்று பேரன் இன்சூரன்ஸ் போடாமல் இருப்பானா?

அவரே மறுபடி: அப்போ ஃபோர்டு 500 ஹார்ஸ்பவர், 1,200 டார்க் என்று பீற்றிக்கொள்வது மட்டும் சரியா? தாளில் எழுதுவது யாருக்கும் சுலபம்.

அந்த 1,200 எல்லா ஃபோர்டிலும் வராது. கூடுதல் காசு கொடுத்து எடுக்கும் ஹை அவுட்புட் எஞ்சினில்தான். ஃபோர்டின் சாதாரண டீசலான பவர் ஸ்ட்ரோக் 475, 1,050. ஜிஎம் கம்பெனியின் செவி, ஜிஎம்சி வண்டிகளில் வரும் டீசல் டுராமேக்ஸ் 470, 975. இந்த மூன்றில் எதுவும் 14,000 பவுண்டை மேட்டில் ஏற்றித் தள்ளும். நூறு டார்க் வித்தியாசத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் ட்ரெய்லர் இல்லாதவர்கள்.

எரிபொருள் பம்ப் பற்றிக் கேளுங்கள், அது உருப்படியான கேள்வி. போஷ் சிபி4 என்று ஒரு ரகம். டீசலேதான் அதற்கு மசகு எண்ணெய். அமெரிக்க டீசலின் வழவழப்புக்கான தரம் ஐரோப்பியத் தரத்தைவிடத் தளர்வு. உள்ளே கேம் மேல் உருள வேண்டிய ரோலர் கொஞ்சம் திரும்பிவிட்டால் உருளாது, சுரண்டும். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்தால், திருவிழா ஜிகினாவைக் கரைத்த மாதிரி டீசல் மின்னும். அந்தப் பொடி இஞ்செக்டர் வரைக்கும் போயிருக்கும், முழு எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டும். செலவு பத்தாயிரம் டாலருக்குப் பக்கம். டுராமேக்ஸில் 2011 முதல் 2016 வரை இதுதான் இருந்தது, 2017ல் டென்சோ பம்புக்கு மாறினார்கள். உங்கள் ராமும் 2019, 2020ல் இதைப் போட்டுப் பார்த்து, ரீகால் செய்து பழைய சிபி3க்கே திரும்பியது. ஃபோர்டு 2011லிருந்து சிபி4தான். பெரும்பாலான வண்டிகளில் ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், ஆளில்லாத பெட்ரோல் பங்கில் டீசல் போடாதீர்கள், வாரன்டிக்காக எல்லா ரசீதையும் வைத்திருங்கள்.

அவரே: கம்மின்ஸ் மேல் என்ன கோபம் உங்களுக்கு?

கோபமே இல்லை. 2013 முதல் 2019 வரை ராம் 2500, 3500 வண்டிகள் சுமார் 6.3 லட்சத்தில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக அரசு சொன்ன வழக்கில் கம்மின்ஸ் 1.675 பில்லியன் டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. அதைக்கூட நான் இதுவரை எடுக்கவில்லை பாருங்கள்.

ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன, ட்ரெய்லர் வீடு போய்ச் சேர வேண்டும். 2025ல் ராம் எட்டு கியர் இசட்எஃப் டிரான்ஸ்மிஷனுக்கு மாறியிருப்பது எனக்கு எஞ்சினைவிடப் பெரிய செய்தி. நான் பார்த்தவரை எஞ்சின் கடைசியில்தான் போகும். அதற்கு முன்பே டிரான்ஸ்மிஷன், சென்சார், துரு என்று வரிசையாக நிற்கும். இத்துடன் கம்மின்ஸ் கடை மூடியாயிற்று.

கேள்வி: செவியில் "அலிசன்" என்று எழுதியிருக்கிறதே, பஸ்ஸில் வரும் அதே அலிசனா?

பெயர் அதே. இப்போதைய பத்து கியர் பெட்டியை வடிவமைத்ததும் செய்வதும் ஜிஎம்தான். அலிசன் சோதித்துப் பார்த்துத் தன் பெயரைப் போட அனுமதித்திருக்கிறது. நல்ல கியர்பாக்ஸ். பெயருக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் டென்வரில். ஐ-70ல் மலை ஏறி இறங்க 10,000 பவுண்டு ட்ரெய்லர். பெட்ரோல் 7.3 போதுமா?

போதும், ஆனால் பொறுமை வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி இழக்கும். ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. அங்கே 430 ஹார்ஸ்பவரில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும். ஏற்றத்தைச் சமாளித்துவிடலாம், சத்தமாக இருக்கும், அவ்வளவுதான். நான் யோசிப்பது 7 சதவீத இறக்கத்தை. டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, காலை எடுத்தாலே வேகத்தைப் பிடித்து வைக்கும். மாதம் இரண்டு தடவை அந்தச் சாலை என்றால் டீசல். வருடத்தில் இரண்டு தடவை என்றால் பெட்ரோல், கீழ்க் கியர், பின்னால் வருகிறவர்களின் சாபம்.

கேள்வி: 2500 வாங்கலாமா 3500 வாங்கலாமா?

ஸ்டிக்கர். ஸ்டிக்கர். ஸ்டிக்கர்.

கேள்வி: அண்ணா, நான் குதிரைகள் வைத்திருக்கிறேன். மூன்று குதிரை ஏற்றும், பிக்கப் பெட்டிக்குள்ளே மாட்டும் கூஸ்நெக் ட்ரெய்லர். கணக்கெல்லாம் போட்டுவிட்டேன், 3500தான் வேண்டும், பிராண்ட் எதுவானாலும் சரி. கடைசியில் எதை வைத்து முடிவு செய்வது?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி, அம்மா. கணக்கு போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

விற்பனைப் பிரிவை விட்டுவிட்டு உங்கள் ஊரில் இருக்கும் மூன்று டீலர்களின் சர்வீஸ் பிரிவுக்குப் போன் போடுங்கள். இரண்டே கேள்வி: "டீசல் வேலை தெரிந்த மெக்கானிக் எத்தனை பேர்?", "எஞ்சின் விளக்கு எரிகிறது, எப்போது கொண்டுவரலாம்?" ஒருவர் நாளைக்கு வாருங்கள் என்பார், ஒருவர் ஐந்து வாரம் ஆகும் என்பார். ஒரு டீலரிடம் எங்கள் வண்டி ஒன்று சென்சாருக்காக முப்பத்தெட்டு நாள் நின்றது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, அங்கே டீசல் தெரிந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார், அவ்வளவுதான். டீசல் எஞ்சினுக்கு 2025 மாடல் வரை மூவருமே ஐந்து வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரன்டி தந்தார்கள். அதைச் செய்து கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

அப்புறம், ஓட்டிப் பாருங்கள். காலி வண்டியில் செவி முன்பக்கம் மெத்தென்று போகும், தனித்தனி சஸ்பென்ஷன். ராமிலும் ஃபோர்வீல் டிரைவ் ஃபோர்டிலும் முன்னால் முழு ஆக்சில், பனி தள்ளும் தகடு மாட்டுகிறவர்களுக்கு அது பிடிக்கும். குதிரைகளுக்கு எது பிடிக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: முழு ஆக்சில் என்றால் ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடுமாமே?

ஆடலாம். முன் ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் டிராக் பார் புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்து, சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கமே உதறும். வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் மாற்றிக் காசு வாங்குகிறவர்களை நம்பாதீர்கள், அது காய்ச்சலுக்குத் தைலம்.

கேள்வி: டிபிஎஃப், ஈஜிஆர் என்று புகையைக் குறைக்கும் சாதனங்கள் எல்லாவற்றையும் கழற்றி டிலீட் செய்துவிட்டால்?

மத்திய சட்டத்துக்கு விரோதம். வாரன்டியும் காலி. இதை இனி யாரும் கேட்க வேண்டாம்.

கேள்வி: புல்வெட்டும் தொழில் தொடங்குகிறேன். செக்‌ஷன் 179 வரிச்சலுகை கிடைக்குமா? லைசென்ஸ் வேறு வேண்டுமா?

வரிக்கு ஆடிட்டரிடம் போங்கள், நான் ஸ்பானர் பிடிக்கிறவன். லைசென்ஸ்: வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து மதிப்பிடப்பட்ட எடை 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல், ட்ரெய்லர் தனியாக 10,000க்கு மேல் என்றால் தொழில்முறை ஓட்டுநர் உரிமம் வேண்டும். புல்வெட்டும் இயந்திரங்களுக்கு அவ்வளவு போகாது.

ஒன்று மட்டும்: வேலைக்கு ஆள் வைத்தால் யூரியாவின் நீல மூடியையும் டீசலின் பச்சை மூடியையும் கையைப் பிடித்துக் காட்டுங்கள். எங்கள் பையன் ஒருவன் டீசல் டேங்கில் யூரியா ஊற்றினான், அதோடு விடாமல் வண்டியையும் ஸ்டார்ட் செய்தான். பைப்பெல்லாம் கற்கண்டு கட்டிய மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

கேள்வி: டொயோட்டாவில் இந்த ரகம் இல்லையா? அமெரிக்கத் தயாரிப்பில் எது சுத்த அமெரிக்கா?

இல்லை. நிசான் கம்மின்ஸ் வி8 போட்டு டைட்டன் எக்ஸ்டி என்று பாதி தூரம் வந்து பார்த்தது, நிலைக்கவில்லை. ஃபோர்டு சூப்பர் டியூட்டி பெரும்பாலும் கென்டக்கியில், செவி பெரும்பாலும் மிச்சிகனின் ஃப்ளின்ட்டில் செய்கிறார்கள். ராம் ஹெவி டியூட்டி வருவது மெக்சிகோவின் சல்டீயோவிலிருந்து. பக்தர் கோபப்பட வேண்டாம்.

கேள்வி: மூன்றில் எது...

அடுத்தவர்.

கேள்வி: நீங்கள் சொன்ன ஸ்டிக்கரைப் போய்ப் பார்த்தேன். 1,980 என்று இருக்கிறது. ட்ரெய்லர் 13,500, ஃபிஃப்த் வீல். வண்டி 2500 டீசல், எல்லா வசதியும் உள்ள மாடல். இப்போது என்ன செய்ய?

கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் 3500 பாருங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால், சின்ன ட்ரெய்லர் பாருங்கள்.