அரசுக் கல்லூரியா, சின்னத் தனியார் கல்லூரியா? பொறியியல் கவுன்சலிங் கேள்வி பதில்

அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி இரண்டிலும் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மதிப்பெண் தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் கவுன்சலிங் நெருங்குவதால் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்கும் போலிருக்கிறது சார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். எதை எடுக்கட்டும்? (மாணவர், சிவகங்கை)

தம்பி, கம்ப்யூட்டர் உனக்கே பிடித்திருக்கிறதா, இல்லை ஊரே எடுக்கிறது என்று எடுக்கிறாயா? பிடித்திருந்தால் அந்தத் தனியார் கல்லூரியை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய். ஐ.டி. வேலைக்காக மட்டும் என்றால் காரைக்குடிக்கே போ. வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கே வரும் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவும் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளையும் எடுக்கின்றன. 1952இல் தொடங்கிய கல்லூரி அது. பழைய மாணவர்கள் இல்லாத துறையே இல்லை. கட்டணமும் குறைவு.

என் மகள் கூச்ச சுபாவம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி மாதிரி பெரிய வளாகத்தில் காணாமல் போய்விடுவாளோ? சின்னக் கல்லூரி என்றால் கவனித்துக்கொள்வார்கள் இல்லையா? (தாய், சேலம்)

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. ஆனால் வளாகம் எவ்வளவு பெரிதானாலும் பிள்ளை நான்கு வருஷம் வாழப்போவது ஒரு துறைக்குள்தான். அதே வகுப்பு, அதே லேப், அதே விடுதித் தோழிகள். கிண்டியின் பெரிய பலமே கூடப் படிக்கும் பிள்ளைகள்தான். பக்கத்து பெஞ்சுப் பெண் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதைப் பார்த்தால் நம் பெண்ணும் புத்தகத்தை எடுப்பாள். அங்கே யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள் என்பதும் உண்மை. அவளாகவே போய் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

சின்னக் கல்லூரியில் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், வராவிட்டால் வீட்டுக்கு போன் வரும். நல்லதுதான். ஆனால் கண்காணிப்பது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. எது நடக்கிறது என்று பார்க்க, ஒரு வேலை நாளில் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். வரவேற்பறையில் உட்கார வைத்து வீடியோ காட்டுவார்கள். லேபைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். லேத் மெஷினுக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா? எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? பெயின்ட் பளபளவென்று தரை சுத்தமாக இருந்தால் அந்த மெஷின் ஓடுவதில்லை. அப்புறம் இறுதியாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேசுங்கள். புராஜெக்டை அவர்களே செய்கிறார்களா, வெளியே கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்களா? ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா, வருஷாவருஷம் மாறுகிறார்களா? பதில் நன்றாக இருந்தால் அந்தச் சின்னக் கல்லூரியில் தயங்காமல் சேருங்கள். அப்படிப்பட்ட துறைகள் இருக்கவே செய்கின்றன.

நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்று பேனர் வைத்திருக்கிறார்கள். நம்பலாமா? (தந்தை, ஓசூர்)

பேனரை விட்டுவிடுங்கள். அரியர் (தேறாத பாடம்) இல்லாதவர்களை மட்டும் தகுதியானவர்கள் என்று கணக்கெடுத்தால் நூறு சுலபமாக வந்துவிடும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையில் பங்கெடுக்கும் கல்லூரி, தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்தில் போட்டிருக்கும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு என்று வரிசையாக இருக்கும். இடைநிலைச் சம்பளத்தையும், அதாவது எல்லாச் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தையும் பாருங்கள். ஒரே ஒருவருக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதை ஏற்றிக்காட்டாது. ஆனால் இது பட்டப்படிப்பு முழுக்கச் சேர்த்த கணக்கு. பிரிவுவாரியாக நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நான் அரசுப் பள்ளி. அப்பா கூலி வேலை. தனியார் கல்லூரியை நினைக்கவே கூடாதா? (மாணவி, திருவண்ணாமலை)

தாராளமாக நினைக்கலாம் மா. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஒன்றை மட்டும் மனதில் வை: "இப்போதே அட்வான்ஸ் கட்டினால் சீட் உறுதி" என்று யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பாவைக் கட்ட விடாதே. கவுன்சலிங் இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை போய்விடும். எத்தனையோ குடும்பங்கள் இப்படி ஏமாந்திருக்கின்றன, நினைத்தாலே வயிறு எரிகிறது.

சின்னக் கல்லூரியில் படித்தால் பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா? (மாணவர், தேனி)

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால் பட்டம் தருவது அந்தப் பல்கலைக்கழகம்தான். தன்னாட்சிக் கல்லூரி தானே தேர்வு நடத்தும். பட்டம் அப்போதும் அண்ணா பல்கலைக்கழகத்துடையதே. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (டீம்டு யுனிவர்சிட்டி) என்றால் தன் பெயரில் தரும்.

கவுன்சலிங்கில் நாம் கொடுக்கும் சாய்ஸ் (விருப்பக் கல்லூரி) பட்டியலில் கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் மற்றதும் போய்விடுமா? (மாணவர், கடலூர்)

போகாது. உன் தரவரிசைக்கு, நீ எழுதிய வரிசையில் மேலே எது காலியாக இருக்கிறதோ அதுதான் ஒதுக்கப்படும். அதனால் கிடைக்குமா என்று யோசிக்காமல் ஆசைப்படும் வரிசையிலேயே போடு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்துவிடு. தவறினால் இடம் கைவிட்டுப் போய்விடும்.