மூன்று ஆண்டுகளாக அரிப்பு, ஒருவரும் பார்த்ததில்லை

கேள்வி: எனக்கு வயது 47. கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். அங்கே கழிப்பறை கிடையாது, சாரல் காலத்தில் நாள் முழுதும் ஈரத்தோடு நிற்க வேண்டும். மூன்று ஆண்டுகளாகப் பிறப்புறுப்பின் வெளிப்பக்கத்தில் அரிப்பு. இரவில் தூக்கமே இல்லை. வெள்ளைப்படுதல் கிடையாது. மாதவிலக்கு இப்போது ஒழுங்காக வருவதில்லை. கம்பத்திலும் குமுளியிலும் மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் இரண்டும் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். மெடிக்கலில் தரும் டியூபைப் போட்டால் ஒரு வாரம் அடங்குகிறது. விட்டால் முன்பைவிட அதிகமாகிறது. கணவரோடு சேரும்போது தோல் கீறிக்கொண்டதுபோல வலிக்கிறது. கடைசியாகப் பார்த்தவர், "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, மனசுதான் காரணம்" என்றார். பால்வினை நோயாக இருக்குமோ என்று கணவர் சந்தேகப்படுகிறார். இது பால்வினை நோயா, புற்றுநோயா, இல்லை, பெயரே இல்லாத நோயா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பார்த்த மருத்துவர்கள், எடுத்த பரிசோதனைகள், போட்ட டியூப் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எந்த மருத்துவராவது உங்களைப் படுக்க வைத்து, விளக்கை அருகே இழுத்து, அந்தத் தோலைப் பார்த்தார் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. நோயாளி தலையைக் குனிந்துகொண்டு "அந்த இடத்தில் அரிப்பு" என்று மெல்லச் சொல்வதும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை வெள்ளைப்படுதல் என்று தாமாகவே எடுத்துக்கொண்டு பூஞ்சைக்கான மாத்திரையை எழுதுவதும், அடுத்தவர் உள்ளே வருவதும் நம் ஊர்ப் பக்கத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. சொல்பவருக்கும் கூச்சம், கேட்பவருக்கும் அவசரம். ஒரு தோல் நோய்க்கு மூன்று ஆண்டுகளாகப் பெயர் கிடைக்காததற்கு நான் ஊகிக்கும் முதல் காரணம் இதுதான்.

உங்களுக்கு எடுத்த பரிசோதனைகள் எதைக் காட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை சிறுநீர்ப்பாதையில் தொற்று உண்டா என்று காட்டும். ஸ்கேன் கருப்பையையும் சினைப்பைகளையும் காட்டும். முகாம்களில் எடுக்கிறார்களே, அந்தப் பாப் ஸ்மியர்கூடக் கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பதுதான். இவற்றில் எதுவும் வெளித்தோலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. ஆகவே ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து உடம்பில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டியதும், அங்கிருந்து மனசுக்குத் தாவியதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணுக்குத் தெரியும் காரணம் ஏதும் இல்லாமல், மூன்று மாதங்களுக்கு மேல் அந்த இடத்தில் வலியும் எரிச்சலும் நீடிக்கும் வல்வோடினியா என்ற நிலை உண்மையிலேயே உண்டு. அதுவும் கற்பனை நோய் அல்ல, அதற்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமானாலும் முதலில் தோலை நன்றாகப் பார்த்து, பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொட்டு எங்கே வலிக்கிறது என்று சோதித்திருக்க வேண்டும். மேலும் உங்களுடைய முதன்மையான தொல்லை வலி அல்ல, அரிப்பு.

கடிதத்தை மட்டும் படித்து நோயைச் சொல்வது முறையல்ல. இருந்தாலும் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் என் மனத்தில் எதை எழுப்புகின்றன என்பதை மறைக்கவும் விரும்பவில்லை. மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டிய பெண்ணுக்கு வெள்ளைப்படுதல் இல்லாமல், இரவில் கூடும் அரிப்பும், உறவின்போது தோல் கீறிக்கொள்வதும் இருந்தால், லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற தோல் நோயை நினைக்காமல் இருக்க முடியாது. இதில் தோல் வெளிறி, மெலிந்து, சுருக்கம் விழுந்து எளிதில் பிளக்கும். சிலருக்கு ஆசனவாயைச் சுற்றியும் பரவி எட்டு வடிவத்தில் தெரியும். நாளடைவில் பிறப்புறுப்பின் சிறிய உதடுகள் பக்கத்துத் தோலோடு ஒட்டிக்கொண்டு மறைந்துபோகலாம், பிறப்புறுப்பின் திறப்பும் குறுகலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதால் இது வருகிறது என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. தைராய்டுக் கோளாறு உள்ள பெண்களிடம் இதைச் சற்று அதிகமாகப் பார்க்கிறோம். வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் வருவதுண்டு. தொற்றாது, யாரிடமிருந்தும் உங்களுக்கு வந்ததும் அல்ல.

அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தக் காரணத்தாலோ தொடங்கிய அரிப்பைச் சொறிந்து சொறிந்தே தோல் தடித்து, தடித்த தோல் மேலும் அரிக்கும் சுழலில் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். சோப்பு, கிருமிநாசினி, வாசனை நாப்கின் ஆகியவற்றால் வரும் ஒவ்வாமை உண்டு. தலையிலும் முழங்கையிலும் செதில் உதிரும் சொரியாசிஸ் இந்த இடத்தில் வரும்போது செதிலே இல்லாமல் வெறும் சிவப்பாகத் தெரியும். வாய்க்குள் வெள்ளைக் கோடுகளும் ஈறுகளில் புண்ணும் இருந்தால் லைக்கன் பிளேனஸ் என்ற வேறொரு நோயைத் தேட வேண்டும். தொடை இடுக்கில் தொடங்கும் படர்தாமரையும், மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து வரும் வறட்சியும் இருக்கின்றன. சர்க்கரை நோய் இருந்தால் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் அந்தத் தொற்றை மேலும் கூட்டுவதுண்டு; அவற்றைச் சாப்பிடும் வாசகிகள் மருத்துவரிடம் அதைக் குறிப்பிட வேண்டும். பல நோய்கள் இப்படி ஒரே அரிப்பாக வெளிப்படுவதால்தான், காதால் கேட்டு மட்டும் மருந்து எழுதுவது இங்கே பலிப்பதில்லை.

இனி அந்த டியூப். மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும் இத்தகைய களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து என்று மூன்று நான்கு ஒன்றாகக் கலந்திருக்கும். பல ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு தேவைப்படும் பட்டியலில் மத்திய அரசு 2018இல் சேர்த்த பிறகும், கல்லாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஸ்டீராய்டு எந்த அரிப்பையும் சில நாட்கள் அடக்கிவிடும். படர்தாமரையாக இருந்தால், மேலே அடங்கியதுபோலக் காட்டிவிட்டு உள்ளே பரவவிடும், உருவத்தையும் மாற்றிவிடும். கூடவே சேர்த்திருக்கும் நியோமைசின் போன்ற மருந்து தன் பங்குக்குப் புதிய ஒவ்வாமையைக் கிளப்பும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்று உறுதியானால், உலகம் முழுவதும் முதலில் கொடுக்கப்படும் மருந்தும் அதே குளோபெட்டசால்தான். ஆனால் கலப்பில்லாத தனி மருந்தாக, கிரீமாக இல்லாமல் பிசுபிசுப்பான ஆயின்ட்மென்டாக, அளவோடும் கணக்கோடும் தருவார்கள். வழக்கமான முறை, முதல் மாதம் தினமும் இரவில் ஒரு முறை, இரண்டாம் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை. 30 கிராம் டியூப் ஒன்று ஏறக்குறைய மூன்று மாதம் வர வேண்டும். அதன் பிறகும் நிறுத்திவிடாமல், குறைந்த அளவில் தொடரச் சொல்வார்கள். அரிப்பு நின்றதும் விடுவது, வந்ததும் போடுவது என்று நீங்கள் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே வாங்கிப் போட்டுவிடாதீர்கள். படர்தாமரை இல்லை என்று தெரிந்த பிறகே அதைத் தொட வேண்டும்.

ஆகவே தோல் மருத்துவரிடம் போங்கள். தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு அருகில். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம்தான் தோது என்றால் குமுளியிலிருந்து கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு நேர்ப் பேருந்து இருக்கிறது. அங்கே மலையாளத்தில் சொறிச்சில் என்றால் அரிப்பு, புகச்சில் என்றால் எரிச்சல். வெளிநோயாளர் சீட்டு காலையில்தான் தருவார்கள், ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதால் உங்களுக்கு ஒரு நாள் கூலி போகும். அதைத் தெரிந்தேதான் சொல்கிறேன். அந்தக் கூலி வீணாகாமல் இருக்க வேண்டுமானால், உட்கார்ந்ததும் இப்படிச் சொல்லுங்கள்: "வெள்ளைப்படுதல் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை, வெளித்தோலில்தான் மூன்று வருடமாக அரிப்பு, ஸ்டீராய்டு டியூப் போட்டிருக்கிறேன், தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்." பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவர் பார்த்தால் பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்பதும், மாணவர்கள் கூட்டமாக நின்றால் குறைவானவர்கள் இருக்கட்டும் என்பதும் நீங்கள் தயங்காமல் கேட்கக்கூடியவை. பாதி தீர்ந்த டியூப்கள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.

போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எல்லாக் களிம்புகளையும் நிறுத்திவிட்டால் தோல் தன் உண்மையான உருவத்தில் தெரியும். நிறுத்தியதும் அரிப்பு சற்று எகிறும். தாங்க முடியாவிட்டால் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள். அதற்கு முன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கைக்கண்ணாடியை வைத்து நீங்களே ஒரு முறை பாருங்கள். பிள்ளை பெற்று வளர்த்த பெண்களில்கூடப் பலர் அந்த இடத்தை ஒருபோதும் பார்த்ததில்லை. எங்கே நிறம் மாறியிருக்கிறது, எங்கே கீறல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் மருத்துவரிடம் விரல் வைத்துக் காட்ட முடியும்.

அவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பூஞ்சை தேடுவார். சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்துக்கு இரத்தம் எடுக்கச் சொல்லலாம். பார்த்ததும் விளங்காவிட்டாலோ, தடிப்போ ஆறாத புண்ணோ இருந்தாலோ, பயாப்ஸி வேண்டும் என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் என்று முடிவு செய்துகொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவு தோலை எடுப்பார்கள். ஒரு தையல் போடலாம், போடாமலும் விடலாம். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். முடிவில் குறிப்பாக ஒன்றும் இல்லை என்று வருவதும் உண்டு. எடுத்த இடம் சரியில்லாமலோ, ஸ்டீராய்டு அடையாளத்தை அழித்திருந்தாலோ அப்படி வரும். அதற்காக உங்கள் அரிப்பு பொய் என்று ஆகிவிடாது. மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

நோயின் பெயர் தெரியும்வரை செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அந்த இடத்தில் சோப்பு, கிருமிநாசினி, இன்டிமேட் வாஷ், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது, படிகாரத் தண்ணீர், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் எதுவும் வேண்டாம். அரிக்கும் இடத்தைச் சுடு தண்ணீரால் கழுவும்போது கிடைக்கும் சுகத்துக்குப் பின்னால் இன்னும் மோசமான அரிப்பு வருகிறது. வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசாகப் பூசினால் போதும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இரவில் அரிப்பு எழும்பினால் குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியை வைத்து ஒத்தடம் கொடுங்கள். உள்ளாடை இல்லாமல் படுங்கள்.

உங்கள் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நாள் முழுதும் ஈரத்தோடு நிற்கிறீர்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் வைக்கிறீர்கள். அடர்ந்த சிறுநீர் கீறல் விழுந்த தோலில் பட்டால் தீயாய் எரியும். மருந்தடித்த ஏலச்செடியில் காய் எடுத்த கையோடு ஒதுங்கப் போகாமல், போவதற்கு முன்பே கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எல்லோரும் பின்னால்தான் கழுவுகிறார்கள். மாற்று உள்ளாடை ஒன்றைப் பையில் வையுங்கள். துவைத்ததை யாரும் பார்க்கக் கூடாது என்று சேலைக்கு அடியில் காயப்போடும் வழக்கத்தை விட்டுவிட்டு வெயிலில் போடுங்கள். இருமும்போதும் சுமை தூக்கும்போதும் சிறுநீர் கசிந்து, அதற்காக நாப்கின் வைப்பவராக இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலர் மறைப்பது இதைத்தான்.

உங்கள் கணவரின் சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப்படுதலும் புண்ணும் இல்லாமல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும் வெளித்தோல் அரிப்புக்குப் பால்வினை நோய் காரணமாக இருப்பது அரிது. அவர் மனம் ஆறவில்லை என்றால் மருத்துவமனைக்கு உடன் வரட்டும். அவருக்கும் தொடை இடுக்கில் படர்தாமரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வலிக்கும்போது பொறுத்துக்கொண்டு சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சிகிச்சையில் கீறல் ஆறும்வரை விலகியிருப்பது மருத்துவரே சொல்லக்கூடிய அறிவுரைதான்.

புற்றுநோய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அதை மட்டுமே குறிக்கும் அடையாளம் எதுவும் இல்லை. லைக்கன் ஸ்க்லெரோசஸை கவனிக்காமல் விட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே அது புற்றாக மாறுகிறது. முறையாக மருந்து போட்டு, ஆண்டுக்கு ஒரு முறையாவது காட்டிக்கொள்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் குறையும். சில வாரங்களாகியும் ஆறாத புண், கைக்குத் தட்டுப்படும் கட்டி, தொட்டால் இரத்தம் கசியும் இடம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், களிம்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் கணக்கெல்லாம் பார்க்காமல் அந்த வாரமே போய்விடுங்கள்.