ஷிரைக்: இரண்டு படங்கள், இரண்டு மூக்குகள்

வணக்கம். கர்ட்டிஸ் ஷிரைக் என்ற அமெரிக்கத் தாக்குதல் விமானம் என்று குறிக்கப்பட்ட இரு பழைய படங்களில் ஒன்றில் கூர்மூக்கும் மற்றொன்றில் உருண்டை மூக்கும் இருப்பதால், மரத்தில் செதுக்கும் மாதிரிக்கு எதைப் பின்பற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியான படங்களே, வகைகள்தான் வேறு.

1931-இல் முதலில் பறந்த ஏ-8 வகையில், திரவத்தால் குளிர்விக்கப்படும் கான்கரர் எஞ்சின் இருந்ததால் மூக்கு ஒடுங்கியிருக்கும். தரையை ஒட்டிப் பறந்து தாக்கும் விமானத்தில், கீழிருந்து வரும் ஒரு குண்டு, அத்திரவத்தைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைத் துளைத்தாலே எஞ்சின் சூடேறி நின்றுவிடும் என்பதாலும், பராமரிப்புச் சுமையாலும், அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு காற்றால் குளிரும் ரைட் சைக்ளோன் எஞ்சினுக்கு மாறி, 46 விமானங்களை ஏ-12 என்ற பெயரில் பெற்றது. உருண்டை மூக்கு அதனுடையது. மேலும், ஏ-8-இல் விமானிக்கு வெகு பின்னால் அமர்ந்திருந்த துப்பாக்கி வீரர், ஏ-12-இல் விமானியின் முதுகுக்கு அருகிலேயே அமர்ந்திருப்பார்.

போரில் பறந்தது ஏ-12 என்பதால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். சீனா வாங்கிய விமானங்கள் 1937-இல் ஜப்பானியரை எதிர்த்துப் பறந்தன.

உங்கள் வரைபடத்தில் இயந்திரத் துப்பாக்கிகளை இறக்கையில் வைத்திருக்கிறீர்கள், அதை மாற்றுங்கள். முன்னோக்கிச் சுடும் நான்கும் சக்கர உறைகளுக்குள், பக்கத்துக்கு இரண்டாக இருந்தன. இறக்கையைத் தாங்கும் கம்பிகளையும் விட்டுவிடாதீர்கள். ஒற்றை அடுக்கு இறக்கையின் மீது அக்கால வடிவமைப்பாளர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை போலும். ஷிரைக் என்பது, இரையை முள்ளில் குத்தி வைக்கும் நம் கீச்சான் குருவிதான்.