கணினி மாறும்போது பாடல்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஈசூனில் பல ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்து வருகிறேன். குறுந்தட்டுகளிலிருந்து ஏற்றியவை, ஐடியூன்ஸ் கடையில் வாங்கியவை, சென்னையில் என் குருவின் நட்டுவாங்கத்தோடு பதிவு செய்தவை என ஏறத்தாழ 90 ஜிபி பாடல்கள் என் பழைய மடிக்கணினியில், ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸில் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் புதிய மடிக்கணினி வாங்கியிருக்கிறேன், அதுவும் விண்டோஸ்தான். பாட்டுக் கோப்புறையை இழுத்துப் போட்டால் போதும் என்கிறான் மகன். எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது இதை ஏன் சுமக்கிறீர்கள் என்றும் கேட்கிறான். எதுவும் தொலையாமல் மாற்றுவது எப்படி?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள ஆசிரியைக்கு,

மகன் சொல்வதில் பாதி சரி. திரைப்பாடல்களில் பெரும்பாலானவை இணையத்தில் கிடைக்கும். உங்கள் குருவின் நட்டுவாங்கம் எங்கும் கிடைக்காது. அந்தப் பதிவுகளுக்கு வேறு படி இல்லையென்றால், முதலில் அவற்றை ஒரு வெளிவட்டில் நகலெடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

இழுத்துப் போட்டால் பாட்டு வந்துவிடும், ஆனால் பாட்டைப் பற்றி நீங்கள் செய்து வைத்த வேலை வராது. எம்பி3 கோப்பின் தலைப்பும் பாடியவர் பெயரும் கோப்புக்குள்ளேயே இருப்பதால் அவை கூடவே வரும். வகுப்புவாரியாக அமைத்த பட்டியல்கள், நட்சத்திரக் குறிகள், சேர்த்த நாள், ஒரு வர்ணம் ஆலாபனையை விட்டு நேரே பல்லவியில் தொடங்கட்டும் என்று நீங்கள் குறித்துவைத்த தொடக்க, முடிவு நேரங்கள் ஆகியவை ஐடியூன்ஸ் கோப்புறையில் 'ஐடியூன்ஸ் லைப்ரரி' என்ற பெயரில் உள்ள ஒற்றைத் தரவுக் கோப்பில் இருக்கின்றன. நேரடியாகப் பதிவு செய்தவை வேவ் வடிவில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஐடியூன்ஸ் அவற்றின் தலைப்பைக்கூடக் கோப்புக்குள் எழுதுவதில்லை, அந்தத் தரவுக் கோப்பில்தான் வைத்துக்கொள்கிறது. வெறும் பாட்டுகளைப் புதிய கணினியில் சேர்த்தால் எல்லாம் இன்று வந்தவையாகவும், அலாரிப்பும் தில்லானாவும் ஒரே குவியலாகவும் நிற்கும்.

ஆகவே பழைய கணினியில், ஐடியூன்ஸின் 'ஃபைல்' பட்டியலில் 'லைப்ரரி' என்பதற்குள் சென்று, 'ஆர்கனைஸ் லைப்ரரி'யைத் திறந்து, 'கன்சாலிடேட் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்து இயக்குங்கள். மேசைத்திரையிலும் பதிவிறக்கக் கோப்புறையிலும் சிதறிக் கிடக்கும் பாட்டுகளை அது ஐடியூன்ஸ் கோப்புறைக்குள் திரட்டும். நகர்த்தாமல் நகலெடுப்பதால் வட்டில் அதற்கு இடம் வேண்டும். முடிந்தபின் ஐடியூன்ஸை மூடிவிட்டு, முழுக் கோப்புறையையும் வெளிவட்டுக்கு நகலெடுங்கள். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கும் 1 டிபி வட்டு தாராளமாகப் போதும். 'கட்' செய்து ஒட்டுவது கூடவே கூடாது. சுருக்கிக் கட்டவும் வேண்டாம்; சில பழைய ஸிப் மென்பொருள்கள் தமிழ்க் கோப்புப் பெயர்களைக் குலைத்துவிடுகின்றன.

புதிய கணினியில் ஐடியூன்ஸை நிறுவுங்கள், ஆனால் திறந்துவிடாதீர்கள். கோப்புறையைப் பழையபடி 'மியூசிக்' என்பதற்குள் வைத்துவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஐடியூன்ஸைத் திறந்தால் எந்த நூலகம் என்று கேட்கும். நகலெடுத்த தரவுக் கோப்பைக் காட்டுங்கள். ஐடியூன்ஸுக்கு மாற்றாக ஆப்பிள் தரும் ஆப்பிள் மியூசிக் செயலியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

சரிபார்ப்பதில் அவசரம் வேண்டாம். இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்க வேண்டும். அளவு ஒத்திருந்தும் உள்ளே பழுதான கோப்பு உண்டு என்பதால், நகலெடுத்ததும் ஒப்பிட்டுப் பார்க்கும் டெராகாப்பி போன்ற மென்பொருளைப் பயன்படுத்துவது நல்லது. குருவின் பதிவுகளையாவது இடையிடையே ஓடவிட்டுக் கேளுங்கள். பெயருக்கு அருகே ஆச்சரியக்குறி தோன்றினால் ஐடியூன்ஸுக்கு அந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள்.

நீங்கள் கேட்காத ஒன்று: சில பழைய பாட்டுகளின் தமிழ்த் தலைப்புகள் உச்சிக்குறியிட்ட ரோமன் எழுத்துகளாகத் தெரியலாம். நகலெடுத்ததில் வந்த பிழை அல்ல அது. சிங்கப்பூரில் 1997இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டிய காலத்தில், தமிழ் எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் குறியாக்க முறைகள் பல புழங்கின. இன்று எங்கும் பொதுவாக இருக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையிலான தமிழ், விண்டோஸில் 2000ஆம் ஆண்டுப் பதிப்போடுதான் வந்தது. டிஸ்கி போன்ற குறியாக்கத்தில் தட்டச்சிட்டவை உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் காட்சி தரும். இவற்றைத் திருத்துவதை இடமாற்றம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் எது பிழை, எது பழையது என்றே தெரியாமல் போய்விடும்.

ஐடியூன்ஸ் கடையில் வாங்கியவற்றில் 2009க்கு முந்தைய சில, அனுமதி பெற்ற கணினிகளில் மட்டுமே ஓடும்படியான பூட்டோடு வந்திருக்கும். ஒரு கணக்குக்கு ஐந்து கணினிகளுக்கே அனுமதி உண்டு. எனவே பழைய கணினியைத் துடைப்பதற்கு முன் அதன் அனுமதியை ஐடியூன்ஸிலேயே விலக்கிவிடுங்கள். ஆனால் துடைப்பது அடுத்த சலங்கை பூஜைக்குப் பிறகு போதும். ஒரு நிகழ்ச்சி முழுவதும் புதிய கணினியிலிருந்து தடங்கலின்றி ஓடட்டும். வெளிவட்டை வீட்டில் வைக்காமல் வகுப்பு நடத்தும் இடத்திலோ உறவினர் வீட்டிலோ வைத்துவிட்டு, பழைய மடிக்கணினியை அருகிலுள்ள மின்கழிவுத் தொட்டியில் சேர்த்துவிடலாம்.