‘ஸ்டெப் டவுன்’ என்றாலும் ‘ரிசைன்’ என்றாலும் ஒரே பொருளா? தோட்டக் கோயில் தலைவர் பொறுப்பிலிருந்து அப்பா விலகுகிறார். தோட்ட நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு ‘ஸ்டெப் டவுன்’ மிகப் பொருத்தம். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தாமே அதிலிருந்து இறங்குவதை அது குறிக்கும். தோட்ட அலுவலகக் கிராணி (எழுத்தர்) வேலையை விட்டால் ‘ரிசைன்’ என்றுதான் எழுத வேண்டும். அறுபது வயதில் ஓய்வு பெற்றால் ‘ரிட்டையர்’.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். எங்கள் தொகுதியை வைத்தே இதை விளக்கிவிடலாம். 2008 பொதுத் தேர்தலில் சாமிவேலு இங்கே டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றார். அதை ‘ஸ்டெப் டவுன்’ என்று எழுதினால் தவறு. வாக்காளர்கள் எடுத்த முடிவு அது. 1979 முதல் வகித்துவந்த மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தேசியத் தலைவர் பதவியை 2010 டிசம்பரில் பழனிவேலிடம் ஒப்படைத்தாரே, அதற்குத்தான் இந்தத் தொடர் பொருந்தும். பின்னணியில் நெருக்கடி இருந்தாலும் பரவாயில்லை. 2008 தேர்தல் பின்னடைவுக்குப் பிறகு கட்சிக்குள் எழுந்த அழுத்தத்தால்தான் அப்துல்லா படாவி 2009 ஏப்ரலில் பிரதமர் பதவியை விட்டார். அதற்கும் ‘ஸ்டெப் டவுன்’ என்றே எழுதினார்கள்.

ஆனால் ‘கமிட்டி அவரை ஸ்டெப் டவுன் செய்தது’ என்று எழுதிவிடாதீர்கள். கமிட்டி நீக்கினால் அது ‘ரிமூவ்’. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். கோயிலுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் தாமாக வழிவிடுகிறார் என்பதும் அவரை வெளியேற்றினார்கள் என்பதும் ஊரில் ஒன்றாகிவிடுமா? விசாரணை முடியும்வரை ஒதுங்கியிருப்பதற்கு ‘ஸ்டெப் அசைட்’ என்ற தனித் தொடர் உண்டு. அப்பா கடிதத்தில் அது வந்தால் வீண் சந்தேகம் கிளம்பும்.

பதவியின் பெயருக்கு முன் ‘ஆஸ்’ வரும்: ‘ஸ்டெப் டவுன் ஆஸ் சேர்மன்’. பொதுவாகப் பொறுப்பு என்று சொன்னால் ‘ஃப்ரம்’. ‘ரிசைன் ஆஸ் சேர்மன்’ என்று எழுதினாலும் பிழையில்லை. ஆனால் வெறும் ‘ரிசைன்’ என்று நிறுத்தினால் குழுவைவிட்டே போகிறார் என்று மேலாளர் எண்ணக்கூடும். அப்பா உறுப்பினராகத் தொடர்கிறார் என்றால் அதைத் தனி வாக்கியமாக எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து விலகுகிறார், இனி கோயில் விஷயமாக நிர்வாகம் யாரிடம் பேச வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.