தேவதைக் கதை ஓவியங்களைப் பார்த்துச் சிறுகதை எழுதும்போது, தெரிந்த கதையே திரும்பத் திரும்ப வருவதை எப்படித் தவிர்ப்பது?

பழைய தேவதைக் கதைப் புத்தகங்களில் உள்ள ஓவியங்களைப் பார்த்துச் சிறுகதை எழுத முயல்வதாகவும், ஒவ்வொரு முறையும் அது மூலக்கதையை வேறு சொற்களில் திரும்பச் சொன்னதாகவே முடிந்துவிடுவதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இவ்வகைக் கதைகளைச் சில ஆண்டுகளாக எழுதி வருபவன் என்ற முறையில், எனக்குப் பயன்பட்ட வழியை எடுத்துக்காட்டுகளோடு சொல்கிறேன்.

ஓவியத்தை நாம் பார்த்து முடிப்பதற்குள் கதையின் நினைவு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. ஒரு சிறுமியும் ஓநாயும் கண்ணில் பட்டவுடனேயே மீதியை மனம் தானாக நிரப்பிக்கொள்வதால், தாளில் உண்மையில் என்ன வரையப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க நேரமே கிடைப்பதில்லை. ஆகவே முதலில் கதையின் பெயரையோ பாத்திரங்களின் பெயர்களையோ பயன்படுத்தாமல், ஓவியத்தில் தெரிவதை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். அதன் பிறகு மூலக்கதையை வரிவரியாகப் படித்து, ஓவியர் தாமாகச் சேர்த்தவை எவை, மூலத்தில் இருந்தும் அவர் வரையாமல் விட்டவை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் எழுதியவற்றில் உருப்படியாக வந்த கதைகள் எல்லாம் இந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்தவைதான்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697இல் பாரிசில் வெளியிட்ட தொகுப்பில் பூட்ஸ் அணிந்த பூனையின் கதை இருக்கிறது. பூனை தன் எசமானனிடம் கேட்டு வாங்குவது ஒரு பையும் ஒரு சோடிப் பூட்ஸும் மட்டுமே. 1862இல் இக்கதைகளுக்குப் படம் வரைந்த குஸ்தாவ் தொரேயோ, அந்தப் பூனைக்கு இறகு செருகிய தொப்பியையும் தோளில் ஒரு மேலங்கியையும் கொடுத்து, இடுப்பு வாரில் எலிகளையும் தொங்கவிட்டார். தந்தையின் சொத்தில் இந்தப் பூனையைத் தவிர வேறெதுவும் கிடைக்காத கடைசி மகனான அந்த எசமானனிடம் தொப்பி வாங்கக் காசு இருந்திருக்காது. அப்படியானால் அது யாருடைய தொப்பி? எலிகளைத் தின்னாமல் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிவது ஏன்? பசிக்காக வேட்டையாடும் விலங்கு அப்படிச் செய்யாது. பிறர் பார்ப்பதற்காக வேட்டையாடுபவன்தான் செய்வான். அந்தப் பூனை பிற்பாடு பெரிய பிரபுவாகி, பொழுதுபோக்குக்காக மட்டுமே எலிகளைத் துரத்தியது என்று பெரோ கதையை முடிக்கிறார். ஏழை வீட்டுப் பூனையாக இருக்கும்போதே அதன் இடுப்பில் அந்த முடிவைத் தொரே கட்டித் தொங்கவிட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே தொகுப்பில் சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் ஒரே படுக்கையில் இருக்கும் ஓவியம் இதைவிடப் புகழ் பெற்றது. பாட்டியைத் தின்றுவிட்டு அவளுடைய இரவுத் தொப்பியை அணிந்த ஓநாய் படுத்திருக்கிறது. சிறுமி போர்வையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரோவின் கதையில் வேட்டைக்காரன் வந்து காப்பாற்றுவதில்லை; அந்த மீட்பு 1812இல் வெளியான கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் உள்ளது. ஆகவே தொரே வரைந்த கணத்துக்குப் பின் சிறுமிக்கு மீதி இருப்பவை அவள் கேட்கப்போகும் சில கேள்விகள் மட்டுமே. கைகள் ஏன் இவ்வளவு பெரியவை, காதுகள் ஏன் இவ்வளவு பெரியவை என்று அவள் அடுக்கிக்கொண்டே போவது அறியாமையினாலா, அல்லது கேள்வி முடியும்வரை பல் தன்மேல் படாது என்று தெரிந்ததாலா? இந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே நின்று ஒரு சிறுகதையை எழுதி முடிக்கலாம். ஆனால் சிறுமி தலையணைக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து ஓநாயைக் குத்துவதாக மட்டும் முடிக்காதீர்கள். அந்த வகைக் கதைகள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு வந்துவிட்டன, அவற்றில் பெரும்பாலானவை ஓவியத்தைப் பார்க்காமலேயே எழுதக்கூடியவை.

எனக்கு மிகவும் பிடித்தது ரஷ்ய ஓவியர் இவான் பிலிபின் 1899ஆம் ஆண்டளவில் வசிலிசா என்னும் கதைப்பெண்ணை வரைந்த ஓவியம். இரவுநேரக் காட்டில், பின்னால் பாபா யாகா என்னும் சூனியக்கிழவியின் குடிசை தெரிய, ஓர் இளம்பெண் கோலின் நுனியில் மண்டையோடு ஒன்றை ஏந்திச் செல்கிறாள். அதன் கண்குழிகளிலிருந்து ஒளி பீறிடுகிறது. பிலிபின் கருங்கோட்டால் வடிவத்தை வரைந்து, உள்ளே நீர்வண்ணத்தைத் தட்டையாக நிரப்பி, சுற்றிலும் அலங்காரச் சட்டம் அமைக்கும் பழக்கமுடையவர். இந்த முறை அன்றைய வண்ண அச்சுக்கு ஏற்றதாக இருந்தது; செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணத்தாள்களை அச்சிட்ட அரசு அச்சகமே அவருடைய புத்தகங்களையும் அச்சிட்டது. வண்ணத்துக்கு வண்ணம் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருப்பதால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, எதுவும் மங்கலில் மறைவதில்லை. அப்படியிருந்தும் கதையின் மிக முக்கியமான பொருள் அந்த ஓவியத்தில் இல்லை.

அஃபனாசியெவ் தொகுத்த ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் இந்தக் கதையின்படி, இறக்கும் தறுவாயில் தாய் வசிலிசாவுக்கு ஒரு சிறு பொம்மையைக் கொடுக்கிறாள். வசிலிசா அதற்கு உணவூட்டித் தன் துயரத்தைச் சொல்கிறாள். அது அவளுக்காக வேலைகளை எல்லாம் செய்துவிடுகிறது. மாற்றாந்தாயின் மகள் வேண்டுமென்றே விளக்கை அணைத்துவிட, நெருப்பு வாங்கி வரும்படி வசிலிசா பாபா யாகாவிடம் அனுப்பப்படுகிறாள். கிழவி கொடுத்த நெருப்புத்தான் அந்த மண்டையோடு. அது வீட்டுக்கு வந்ததும் மாற்றாந்தாயையும் அவளுடைய இரண்டு மகள்களையும் விடாமல் உற்றுப் பார்த்து, விடிவதற்குள் கரியாக்கிவிடுகிறது. பொம்மை ஓவியத்தில் இல்லை என்பதிலிருந்தே ஒரு கதை எழுதலாம். எனக்கு வேறொன்று அகப்பட்டது.

மூலத்தில் மிகச் சாதாரணமாகக் கடந்துபோகும் ஒரு தகவல் உண்டு: மண்டையோட்டின் ஒளி காலையில் அணைந்துவிடுகிறது, வசிலிசா வீட்டை அடைவதோ மறுநாள் மாலையில். அதாவது அவள் ஒரு பகல் முழுவதும் ஒளியில்லாத மண்டையோட்டைச் சுமந்து நடந்திருக்கிறாள். வீட்டு வாசலை நெருங்கியபோது, இனி வீட்டில் நெருப்புத் தேவைப்படாது என்று எண்ணி அதை எறிந்துவிட நினைக்கிறாள். அப்போது, தன்னை எறியாமல் மாற்றாந்தாயிடம் கொண்டுபோகும்படி மண்டையோடு பேசுகிறது. பிலிபின் வரைந்திருப்பது இரவு. கதை விரிவாகச் சொல்வதும் இரவுகளைத்தான். இரண்டிலும் இல்லாதது அந்தப் பகல்.

நான் அந்தப் பகலை எழுதினேன். காட்டோரக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஒருத்தி, எலும்பைக் கோலில் செருகிக்கொண்டு வரும் பெண்ணைப் பார்க்கிறாள். பயப்படுவதற்குப் பதிலாக, அது யாருடைய தலை என்று கேட்கிறாள். அவளுடைய அண்ணன் நெருப்புக் கேட்டுக் காட்டுக்குள் போய்த் திரும்பாதவன். பாபா யாகாவின் வேலியில் வரிசையாக மண்டையோடுகள் இருப்பதாக மூலமே சொல்வதால், இந்தக் கேள்விக்கு நான் தனியாக எதையும் கற்பித்துக்கொள்ளத் தேவைப்படவில்லை. கதை முழுவதும் அவ்விரு பெண்களின் உரையாடல்தான். மாற்றாந்தாய் கதைக்குள் வருவதே இல்லை. அவளுக்கு நேரப்போவது வாசகருக்கு முன்பே தெரியும் என்பதால், அதைச் சொல்லாமல் விடும்போது உரையாடலுக்கு ஒரு கனம் கிடைத்துவிடுகிறது. எல்லாருக்கும் தெரிந்த கதையை எடுத்துக்கொள்வதில் உள்ள பெரிய வசதி இதுவே.

இந்தக் கதையை எழுதியபோது, காட்சியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். நான் மாற்றவில்லை. குளிர்நாட்டில் அடுப்பு அணைந்துபோவது உயிர்ப் பிரச்சினை. அதைப் பனங்காட்டுக்குக் கொண்டுவந்தால் அவள் ஏன் அந்தக் கிழவியிடம் போக வேண்டும் என்பதே வலுவிழந்துவிடும். அடுத்த வீட்டில் நெருப்பு வாங்கி வரும் வழக்கம் நம் ஊர்களிலும் இருந்ததால், தமிழ் வாசகருக்கு அந்த இடத்தில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

முகங்களைப் பார்த்து உணர்ச்சியை எழுதிவிடுவது எளிது என்பதால், பழகுவதற்கு ஆங்கில ஓவியர் ஆர்தர் ரேக்கம் 1919இல் சிண்ட்ரெல்லாவுக்கு வரைந்த நிழலுருவங்களையும் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். எல்லாரும் கறுப்பு உருவங்களாக இருப்பதால், அவர்கள் நினைப்பதை உடல் வளைவையும் கை நிலையையும் கொண்டே எழுத வேண்டியிருக்கும்.

தமிழில் எல்லாரும் அறிந்த ஓவியம் ஒன்று வேண்டுமென்றால், அம்புலிமாமாவில் சங்கர் என்ற கே. சி. சிவசங்கரன் வரைந்த விக்கிரமாதித்தன் இருக்கிறான்: உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து, சுடுகாட்டின் வழியே நடப்பவன். இதிலிருந்து எழுத முயல்பவர்களில் பலர் வேதாளத்தைப் பேசவைத்து, இன்றைய அரசியல் குறித்து ஒரு புதிரைப் போடச் சொல்லிவிடுகிறார்கள்; ஓவியத்தில் கண்ணுக்குத் தெரிவதோ வேதாளம் குடியேறிய ஓர் உடல். அந்த உடலுக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருந்திருப்பான், அவனை எரிப்பதற்கோ புதைப்பதற்கோ காத்திருப்பவர்களும் இருந்திருப்பார்கள். மன்னன் மரத்துக்கும் சுடுகாட்டுக்குமாக அலையும்போதெல்லாம் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதை இன்னும் யாராவது எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

கதையோடு ஓவியத்தையும் சேர்த்து வெளியிடலாமா என்ற ஐயம் அடுத்து எழும். நான் சேர்ப்பதில்லை, ஓவியம் பக்கத்தில் இருந்தால் விவரிக்க வேண்டியதை அதன் பொறுப்பில் விட்டுவிடத் தோன்றும். நீங்கள் சேர்க்க விரும்பினால், இந்தியச் சட்டப்படி படைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். 1883இல் இறந்த தொரே, 1939இல் இறந்த ரேக்கம், 1942இல் இறந்த பிலிபின் ஆகியோரின் ஓவியங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. சங்கர் 2020இல்தான் மறைந்தார் என்பதால், அவருடைய விக்கிரமாதித்தனை உங்கள் கதையோடு அச்சிட உரிமையாளரின் அனுமதியைப் பெற வேண்டும். அந்தப் பிணத்தின் சொந்தக்காரனைப் பற்றிப் புதிதாகக் கதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை.